எல்லைப்புறக் குரூப்புகளில் ஓடும் புரளியும் அதைத் திருத்தும் பக்குவமும்

முல்லைப் பெரியாறு அணை உடைந்துவிட்டது என்று ஒரு குரல் பதிவு 2018 ஆகஸ்டில் வாட்ஸ்அப்பில் சுற்றியது. கேரளாவே வெள்ளத்தில் கிடந்த நாட்கள் அவை. ஆகஸ்ட் 15 அன்று அணையில் தண்ணீர் 142 அடியைத் தொட்டதும், உபரிநீர் ஷட்டர்களைத் திறந்து, அணைக்குக் கீழே கேரளாவில் இருக்கும் வண்டிப்பெரியாறு பக்கம் தண்ணீர் விட்டதும் உண்மை. அந்த உண்மையின் முதுகில் பொய் ஏறிக்கொண்டது. கேரள அரசு மறுத்தது, பரப்புகிறவர்கள் மேல் நடவடிக்கை எடுப்போம் என்றும் எச்சரித்தது. ஆனாலும் அணையைப் பற்றிய பீதிச் செய்திகள் அதோடு நிற்கவில்லை. 2021 அக்டோபரில் வந்தன, 2024 ஜூலை 30 வயநாடு நிலச்சரிவுக்குப் பிறகு மறுபடியும் வந்தன. இனி வரும் மழைக்காலத்திலும் வரும்.

கம்பம் பள்ளத்தாக்கில் இருக்கும் ஒருவரின் போனைத் திறந்து பார்த்தால் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப் குரூப் இருக்கும், சொந்தக்காரர் குரூப் இருக்கும், போடியிலும் புத்தடியிலும் ஏலக்காய் என்ன விலைக்குப் போனது என்று போடும் வியாபாரிகள் குரூப், பள்ளிக்கூடத்தில் கூடப் படித்தவர்கள் குரூப், கோயில் குரூப். இதில் பாதிக்கும் மேற்பட்ட குரூப்புகளில் குமுளிக்கு அந்தப் பக்கம், கேரளாவில் இருக்கும் ஆட்களும் சேர்ந்தே இருப்பார்கள். தமிழில் வந்தது மலையாளத்துக்குப் போகும், மலையாளத்தில் வந்தது தமிழுக்கு வரும். அதனால் இங்கே ஒரு புரளி வந்தால் அது எல்லையின் இரண்டு பக்கமும் வேலை செய்யும், ஒவ்வொரு பக்கத்திலும் ஒவ்வொரு பயத்தைக் கிளப்பும். அதை யார் திருத்துவது, எப்படித் திருத்துவது என்பதுதான் கேள்வி. சொன்னால் சண்டை வருமே, மாமா கோபித்துக்கொள்வாரே, நமக்கெதற்கு என்று பெரும்பாலானவர்கள் வாயை மூடிக்கொள்கிறார்கள். அப்படி இருக்க வேண்டியதில்லை, சொன்னால் பலிக்கும் என்பதற்கு நல்ல ஆதாரமே இருக்கிறது. ஆனால் சொல்கிற விதம் ஒன்று உண்டு.

முதலில் புரளி ஏன் ஒட்டிக்கொள்கிறது என்று பார்த்துவிடலாம். 1977இல் ஹேஷர், கோல்ட்ஸ்டீன், டோப்பினோ என்ற மூன்று ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். சில வாரங்கள் இடைவெளி விட்டு ஆட்களை அழைத்து, பல வாக்கியங்களைக் கொடுத்து, இது எவ்வளவு உண்மை என்று நினைக்கிறீர்கள் என்று கேட்டார்கள். திரும்பத் திரும்பக் கேட்ட வாக்கியம், பொய்யாகவே இருந்தாலும், உண்மை போலத் தோன்ற ஆரம்பித்தது. வாட்ஸ்அப்பில் நடப்பது இதுவேதான், கொஞ்சம் கூடுதலாக. ஒரே செய்தி ஜீப் குரூப்பில் காலையிலும், சொந்தக்காரர் குரூப்பில் மத்தியானமும், கோயில் குரூப்பில் ராத்திரியும் வந்தால், மூன்று பேர் தனித்தனியாகப் பார்த்துச் சொல்கிற மாதிரி மனசு எடுத்துக்கொள்கிறது. மூன்றும் ஒரே இடத்தில் கிளம்பியது என்பது கண்ணுக்குத் தெரிவதில்லை.

இரண்டாவது விஷயம் இன்னும் முக்கியம், திருத்துகிறவர்கள் அதிகம் தவறவிடுவதும் இதைத்தான். 1994இல் ஜான்சனும் செய்ஃபர்ட்டும் ஒரு கிடங்கில் தீப்பிடித்த கதையைச் சிலருக்குப் படிக்கக் கொடுத்தார்கள். அலமாரியில் எண்ணெய் பெயின்டும் கேஸ் சிலிண்டரும் அஜாக்கிரதையாக வைத்திருந்தார்கள் என்று கதையின் நடுவில் வரும். பிறகு, அந்த அலமாரி காலியாகத்தான் இருந்தது, முன்னால் சொன்னது தவறு என்று வரும். படித்தவர்களுக்கு அந்தத் திருத்தம் நன்றாக ஞாபகம் இருந்தது. ஆனாலும் ஏன் அவ்வளவு புகை வந்தது என்று கேட்டால் பெயின்டையும் சிலிண்டரையும்தான் காரணமாகச் சொன்னார்கள். யாரோ தீ வைத்ததற்கான தடயம் கிடைத்தது என்று வேறு ஒரு காரணத்தைக் கொடுத்தபோதுதான் பழைய காரணத்தை விட ஆரம்பித்தார்கள். பல்லைப் பிடுங்கிய இடத்துக்கு நாக்கு திரும்பத் திரும்பப் போகிற மாதிரி, வெறுமனே பொய் என்று சொல்லிவிட்டுப் போனால் மனசு அந்தக் காலி இடத்துக்கே போய்க்கொண்டிருக்கும்.

இதற்குக் கேரளாவிலேயே ஓர் அருமையான உதாரணம் இருக்கிறது. 2018 தொடக்கத்தில், வீட்டு ஜன்னல் கண்ணாடிகளில் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டப்பட்டிருக்கிறது, பிள்ளை பிடிக்கிற கும்பல் அடையாளம் வைத்துவிட்டுப் போகிறது என்று ஊர் ஊராகப் பரவியது. ஜனங்கள் தங்கள் வீட்டு ஜன்னலைப் போய்ப் பார்த்தார்கள், நிஜமாகவே கறுப்பாக ஒட்டியிருந்தது. கண்ணால் பார்த்த பிறகு யார் வந்து வதந்தி என்று சொன்னால் நம்புவார்கள்? போலீஸ் அங்கே நிற்காமல், அது எங்கிருந்து வந்தது என்பதையும் சொன்னது. கண்ணாடிக் கடையில் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கும்போது உரசிக் கீறல் விழாமல் இருக்க ஓரத்தில் ஒட்டுகிற ரப்பர் துண்டு அது. பல வீடுகளில் ஜன்னல் வைத்த நாளிலிருந்தே இருந்திருக்கிறது, யாரும் உற்றுப் பார்த்ததில்லை. கண்ணால் பார்த்ததை மறுக்காமல், அதற்கு வேறொரு விளக்கம் கொடுத்தாயிற்று. குரூப்பில் திருத்தம் எழுதுகிறவர்கள் மனசில் வைக்க வேண்டிய மாதிரி இதுதான்.

அதே பிள்ளை பிடிக்கிற வதந்தி சில மாதத்தில் தமிழ்நாட்டின் வட மாவட்டங்களுக்கு வந்தபோது நடந்தது வேறு. 2018 ஏப்ரல் கடைசியில் குடியாத்தம் பக்கம் வடமாநிலத்தவர் ஒருவரை அடித்துக் கொன்றார்கள். மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே அத்திமூரில், குலதெய்வம் கோயிலுக்கு வந்த குடும்பத்தில் ஒரு மூதாட்டி வழியில் பார்த்த பிள்ளைகளுக்கு சாக்லேட் கொடுத்தார் என்பதற்காக அடித்தே கொல்லப்பட்டார். பழவேற்காட்டில் இன்னொருவரைக் கொன்று பாலத்தில் தொங்கவிட்டார்கள். அந்த வருடம் நாடு முழுக்கச் சுற்றிய ஒரு வீடியோவில், பைக்கில் வரும் இரண்டு பேர் தெருவில் விளையாடும் பையனைத் தூக்கிக்கொண்டு போவார்கள். அது பாகிஸ்தானில் கராச்சியில், குழந்தைகள் பாதுகாப்பு விழிப்புணர்வுக்காக நடித்து எடுத்தது. முழு வீடியோவில் பையனைத் திரும்பக் கொண்டுவந்து விட்டுவிட்டு, பிள்ளையைத் தூக்குவது எவ்வளவு சுலபம் பாருங்கள் என்று அட்டை காட்டுவார்கள். அந்தக் கடைசிப் பகுதியை யாரோ வெட்டிவிட்டார்கள், அவ்வளவுதான் செய்த வேலை. அதன் பிறகுதான் வாட்ஸ்அப் 2018 ஜூலையில் ஃபார்வர்டு என்ற அடையாளத்தைக் கொண்டுவந்தது, இந்தியாவில் ஒரே நேரத்தில் 5 பேருக்கு மேல் அனுப்ப முடியாதபடி வரம்பு வைத்தது. 2020 ஏப்ரலிலிருந்து, பலமுறை கைமாறி இரட்டை அம்புக்குறியோடு வரும் செய்தியை ஒரு தடவைக்கு ஒரே ஒரு உரையாடலுக்குத்தான் அனுப்ப முடியும். இரட்டை அம்புக்குறி வந்தாலே அது பொய் என்று ஆகிவிடாது. ஆனால் அது அனுப்பியவரே எழுதியது இல்லை என்பது மட்டும் உறுதி.

பிள்ளை பிடிக்கிற வீடியோவைக் குரூப்பில் போடுகிற அத்தையோ பெரியப்பாவோ கெட்ட எண்ணத்தில் போடுவதில்லை. நம் வீட்டுப் பிள்ளைகள் பத்திரமாக இருக்க வேண்டும் என்ற அக்கறையில் போடுகிறார்கள். அவரிடம் போய், படிச்சுப் பாக்காம அனுப்பாதீங்க என்று பத்துப் பேர் முன்னால் சொன்னால், அவர் காதில் விழுவது உன் அக்கறை முட்டாள்தனம் என்பதுதான். அதற்கப்புறம் அவர் வீடியோவைக் காப்பாற்றப் பேச மாட்டார், தன் மரியாதையைக் காப்பாற்றப் பேசுவார். திருத்த வந்த விஷயம் அங்கேயே தொலைந்துபோகும். இதே இடத்தில், "அத்தை, நல்லவேளை போட்டீங்க, எனக்கும் இது வந்துச்சு. இது கராச்சியில விழிப்புணர்வுக்காக நடிச்சு எடுத்ததாம், கடைசியில பையனத் திரும்ப விட்டுருவாங்க, அதை வெட்டிட்டுச் சுத்த விட்டிருக்காங்க. இத நம்பி ஊர்ல ஆளையே அடிச்சுக் கொன்னுருக்காங்க, நம்ம குரூப்ல இருந்து போக வேணாம்" என்று எழுதிப் பாருங்கள். அத்தையின் அக்கறை அப்படியே இருக்கிறது, வீடியோ எங்கிருந்து வந்தது என்ற விளக்கம் இருக்கிறது, ஏன் நிறுத்த வேண்டும் என்பதற்கும் காரணம் இருக்கிறது. நல்லவேளை போட்டீங்க என்பதைப் பொய்யாகச் சொல்லவும் வேண்டியதில்லை, குரூப்பில் போட்டதால்தானே அது திருத்தம் பெற்றது.

சரி, இப்படிச் சொன்னால் கேட்பார்களா, இன்னும் பிடிவாதம்தானே வரும் என்று ஒரு பேச்சு உண்டு. அது எங்கிருந்து வந்தது என்றால், 2010இல் நைஹன், ரைஃப்லர் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள், அரசியல் விஷயத்தில் திருத்தம் கொடுத்தபோது சிலருக்குத் தவறான நம்பிக்கை குறைவதற்குப் பதில் கூடியது என்று எழுதினார்கள். அது பெரிய அளவில் பேசப்பட்டு, உண்மையைச் சொன்னால் எதிர்வினைதான் வரும் என்று பொதுவான அறிவாகவே ஆகிவிட்டது. ஆனால் உட், போர்ட்டர் என்ற இருவர் 50க்கும் மேற்பட்ட விஷயங்களை எடுத்து ஆயிரக்கணக்கானவர்களிடம் சோதித்து 2019இல் வெளியிட்டதில் அந்த எதிர்வினை கிட்டத்தட்ட எங்கேயும் தென்படவில்லை. பெரும்பாலானவர்கள் திருத்தத்தைக் கேட்டுத் தங்கள் எண்ணத்தைக் கொஞ்சமாவது மாற்றிக்கொண்டார்கள். நம் நாட்டுக்கு நேராகப் பொருந்துகிற ஆய்வும் ஒன்று உண்டு. சுமித்ரா பத்ரிநாதனும் சைமன் ஷோஷாரும் இந்தியாவில் வாட்ஸ்அப் உரையாடல் மாதிரியே செய்து சோதித்தார்கள். குரூப்பில் கூட இருக்கும் ஒருவர் இது உண்மை இல்லை என்று சொன்னாலே, நீளமான ஆதாரம் இல்லாவிட்டாலும், படிக்கிறவர்களின் நம்பிக்கை குறைந்தது. ஆதாரத்தோடு சொன்னதற்கும் சும்மா சொன்னதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இதே பத்ரிநாதன் 2019 தேர்தல் சமயத்தில் பீகாரில் வீடு வீடாக ஒரு மணி நேரப் பயிற்சி கொடுத்துப் பார்த்ததில், பொய்ச் செய்தியைக் கண்டுபிடிக்கும் திறமை பொதுவாகக் கூடவில்லை என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வெளியிலிருந்து வந்து பாடம் எடுப்பதைவிட, கூட இருக்கும் ஒருவர் அந்த இடத்திலேயே இரண்டு வரி சொல்வது அதிகம் பலன் தருகிறது என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

இதில் அனுப்பியவரை மட்டும் கணக்கில் எடுத்தால் மனசு சோர்ந்துபோகும். அவர் ஒத்துக்கொள்ளாமலே போகலாம். ஆனால் குரூப்பில் 200 பேர் இருந்தால் பேசுகிறவர்கள் ஒரு கைப்பிடி ஆட்கள், மற்றவர்கள் எல்லாம் வாசித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போகிறவர்கள். போட், வ்ராகா என்ற இரண்டு ஆய்வாளர்கள் பல வருடங்களாக இதைத்தான் ஆராய்ந்திருக்கிறார்கள், ஒருவரை இன்னொருவர் திருத்துவதைப் பக்கத்திலிருந்து பார்க்கிறவர்களின் தவறான எண்ணமும் குறைகிறது என்று. ஆகவே குரூப்பில் எழுதும் திருத்தம் உண்மையில் அந்தப் பேசாத ஆட்களுக்கு எழுதுவது. மாமா ஜெயித்தாலும் பரவாயில்லை, கடைசி வார்த்தை அவருடையதாகவே இருக்கட்டும், வாசித்தவர்களுக்குப் போய்ச் சேர்ந்தால் போதும்.

அப்படியானால் தனியாகச் சொல்வதா, எல்லார் முன்னாலும் சொல்வதா? சின்ன விஷயம் என்றால், பெரியவர் என்றால், தனிச் செய்தியில் சொல்லி அவரையே அழிக்கவோ திருத்திப் போடவோ விடுவது நல்லது. அவர் கையால் திருத்தினால் அதற்கு இருக்கும் மதிப்பே வேறு. ஆனால் ஆள் அடிபடுகிற மாதிரி, ஊர் காலியாகிற மாதிரி, மருந்தை நிறுத்துகிற மாதிரிச் செய்தி என்றால் மரியாதை பார்த்துக் காத்திருக்கக் கூடாது. குரூப்பிலேயே உடனே சொல்லிவிட வேண்டும், அவருக்கு அப்புறம் தனியாக ஒரு போன் போட்டு, மாமா, அவசரம்னு அங்கேயே போட்டுட்டேன், தப்பா நினைக்காதீங்க என்று சொல்லிக்கொள்ளலாம். எல்லாவற்றையும் திருத்த வேண்டும் என்பதும் இல்லை. ஆங்கிலேய இன்ஜினியர் பென்னிகுக் தன் சொத்தை விற்று முல்லைப் பெரியாறு அணையைக் கட்டினார் என்ற கதை எங்கள் பக்கம் எல்லார் வாயிலும் இருக்கிறது. அணை சென்னை மாகாண அரசின் திட்டம், செலவும் அரசுடையது என்று பழைய பதிவுகள் சொல்கின்றன. ஜனவரி 15 அன்று லோயர் கேம்ப்பில் அவருடைய மணிமண்டபத்தில் பொங்கல் வைக்கிறவர்களிடம் போய் நான் அதைப் பேச மாட்டேன். நன்றியில் பிறந்த கதை, யாரையும் அடிக்கச் சொல்லவில்லை. பிள்ளைகள் வரலாறு கேட்டால் அப்போது சொல்லிக்கொள்ளலாம்.

அணைக்கே வருகிறேன், ஏனென்றால் திருத்துகிறவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். 1886இல் திருவிதாங்கூரோடு 999 வருடக் குத்தகை, 1895இல் அணை திறப்பு, சுண்ணாம்பும் சுர்க்கி என்ற செங்கல் பொடியும் கலந்த கட்டுமானம். பாதுகாப்புக் கேள்வி எழுந்து 1979இல் நீர்மட்டத்தை 136 அடிக்குக் குறைத்தார்கள், அணையைப் பலப்படுத்தும் வேலைகள் நடந்தன, 2006இலும் பிறகு 2014 மே 7 அன்றும் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை தேக்கலாம் என்றது. அணை இருப்பது கேரளாவில், இயக்குவது தமிழ்நாடு. தேனி, மதுரை, திண்டுக்கல், சிவகங்கை, ராமநாதபுரம் ஐந்து மாவட்டத்துக்கும் அந்தத் தண்ணீர்தான் வாழ்வு. கேரளப் பக்கம் வண்டிப்பெரியாறு, சப்பாத்து ஊர்களில் ஆற்றோரம் வீடு வைத்திருப்பவருக்கு அதே தண்ணீர் ராத்திரித் தூக்கத்தைக் கெடுப்பது. இரண்டு பேர் பயமும் நிஜம். அணை உடைந்துவிட்டது என்ற புரளியைத் திருத்தப் போகிற நம் ஆள் ஒருவர், அதெல்லாம் இன்னும் ஆயிரம் வருசத்துக்கு ஒண்ணும் ஆகாது, மலையாளிகள் வேணும்னே கிளப்புறாங்க என்று எழுதினால், ஒரு பொய்யைத் திருத்த இன்னொரு பொய்யையும் ஒரு வசையையும் போட்டதாக ஆகிறது. ஆயிரம் வருடக் கணக்கு அவருக்கு எப்படித் தெரியும்?

எழுத வேண்டியது தெரிந்ததை மட்டும். "அண்ணே, இந்த வாய்ஸ் 2018 வெள்ளத்தப்ப வந்தது, அப்பவே பொய்னு சொல்லிட்டாங்க. இப்ப ஷட்டர் திறந்திருக்கிறது உண்மை. இந்தத் தேதிக்கு இவ்வளவுதான் தேக்கலாம்னு கணக்கு இருக்கு, அதுக்கு மேல வர்ற தண்ணியை இடுக்கி அணைக்கு விடுறாங்க. ஆத்தோரத்துல சொந்தம் இருந்தா தண்ணிகிட்ட போக வேணாம்னு சொல்லுங்க." திறந்தது என்பதற்கும் உடைந்தது என்பதற்கும் நடுவில் இருக்கும் குழப்பத்தை இது தீர்க்கிறது. 142 அடி ஆகாமலேயே ஏன் திறக்கிறார்கள் என்று கேட்கிறவருக்கும் பதில் இதில் இருக்கிறது, 2021 அக்டோபர் 29 அன்று அப்படித்தான் 142 ஆகும் முன்பே ஷட்டரைத் திறந்தார்கள். தேதி, நீர்மட்டம், யார் அறிவித்தது, நாம் என்ன செய்யலாம். உண்மையை முதலில் வைத்து, பொய்யை ஒரே ஒரு தடவை மட்டும் சொல்வது நல்லது, திரும்பத் திரும்பச் சொன்னால் நாமே அதைப் பழக்கப்படுத்திவிடுவோம். பழைய வீடியோவையே மறுபடி இணைத்துப் பொய் என்று போடுகிறவர்களும் அதைத்தான் செய்கிறார்கள். இணைப்பை மட்டும் தூக்கிப் போடுவதும் வீண். ஜீப்பில் தொங்கிக்கொண்டு போகிற நேரத்தில் யாரும் திறந்து படிக்க மாட்டார்கள், சாரத்தை இரண்டு வரியில் எழுதிவிட்டு இணைப்பைக் கீழே வைக்கலாம். வாசிக்கச் சிரமப்படுகிறவர்கள் உள்ள குரூப்பில் புரளி குரலாக வந்திருந்தால் திருத்தமும் குரலாகத்தான் போக வேண்டும், தெரிந்தவர் குரலாக.

இனி நான் அழுத்திச் சொல்ல நினைப்பது. நம் பக்கத்துப் புரளியை நம் ஆள்தான் திருத்த முடியும். 2011 நவம்பர், டிசம்பரில் அணைத் தகராறில் இங்கே நடந்ததைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். வாட்ஸ்அப் இன்னும் எல்லார் கைக்கும் வராத காலம், எஸ்எம்எஸ்ஸும் டிவியும் வாய்ப்பேச்சும்தான். குமுளி எல்லை மூடிக்கிடந்தது, இடுக்கித் தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர்கள் பயந்து மலையிறங்கி வந்தார்கள், இந்தப் பக்கம் மலையாளிகளின் கடைகளும் வண்டிகளும் தாக்கப்பட்டன. நடந்த அடிதடி ஒரு பங்கு என்றால், அங்கே நம்மாளை இப்படிச் செய்தார்களாம் என்று பெருகி வந்த பேச்சு பல பங்கு. அப்போது ஒரு மலையாளி வந்து அப்படி எதுவும் நடக்கவில்லை என்று சொன்னால் இங்கே யார் கேட்டிருப்பார்கள்? ஒரு தமிழ்க் கங்காணி, நான் அந்தத் தோட்டத்தில்தான் இருக்கிறேன், இங்கே ஒன்றும் இல்லை என்று சொன்னால் கேட்பார்கள். அமெரிக்காவில் சுகாதாரச் சட்டம் பற்றிய ஒரு புரளியை வைத்து ஆடம் பெரின்ஸ்கி செய்த ஆய்வும் இதையே காட்டியது. அந்தப் புரளியால் லாபம் அடையும் கட்சியின் ஆளே அதை மறுத்தபோதுதான் திருத்தம் நன்றாக எடுபட்டது. ஆகவே மலையாளிகளைப் பற்றித் தமிழ் குரூப்பில் பொய் வந்தால் அதைத் திருத்தும் கடமை தமிழ் ஆட்களுக்கு. தமிழர்களைப் பற்றி அங்கே வந்தால் அதைத் திருத்த ஒரு சேட்டனும் சேச்சியும் வேண்டும். இரண்டு மொழியும் பேசத் தெரிந்தவர்கள் எல்லையில் ஏராளம், அந்த இடத்தில் உண்மை எது என்று இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் சொல்ல அவர்களால்தான் முடியும்.

2023 மார்ச்சில் இதன் மறுபக்கத்தைத் தமிழ்நாடு பார்த்தது. தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று சம்பந்தமில்லாத வீடியோக்களைப் போட்டு வட மாநிலங்களில் பரப்பினார்கள். திருப்பூரிலும் கோவையிலும் வேலை செய்தவர்கள் பயந்து ரயிலேறினார்கள். பீகார் அரசு அதிகாரிகள் குழுவை அனுப்பியது. தமிழ்நாட்டுப் போலீஸ் மறுப்பு வெளியிட்டது, உதவி எண் கொடுத்தது, தொழிலாளர்கள் இருக்கும் இடத்துக்கே போய் இந்தியில் பேசியது. புரளி எந்த மொழியில் ஓடுகிறதோ திருத்தமும் அந்த மொழியில் ஓடாவிட்டால் பலனில்லை என்பதை அப்போது அதிகாரிகளே புரிந்துகொண்டார்கள்.

சில புரளியை முழுக்கத் தள்ளிவிடவும் முடியாது. ரேஷன் அரிசியில் பிளாஸ்டிக் அரிசி கலந்திருக்கிறது என்பது தமிழ்நாடு, கேரளா, ஆந்திரா மூன்றிலும் ஓடுகிற பேச்சு. அரிசியைக் களையும்போது சில மணிகள் வேறு மாதிரி இருப்பதைப் பார்த்துப் பொறுக்கி எறிகிறார்கள். அது செறிவூட்டிய அரிசி மணி. அரிசி மாவில் இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 சேர்த்து மறுபடி அரிசி வடிவில் அச்சு எடுத்து, 100 கிலோ சாதா அரிசிக்கு 1 கிலோ என்ற கணக்கில் கலப்பது. மாவிலிருந்து செய்ததால் பார்வைக்கு வித்தியாசப்படும், சிலது மிதக்கும். சத்துக்காகப் போட்டதையே பொறுக்கி எறிகிறோம் என்று தெரிந்தால் எறிகிற கை நிற்கும். ஆனால் நீலகிரியிலும் வயநாட்டிலும் அட்டப்பாடியிலும் பழங்குடி மக்களிடம் அரிவாள் செல் சோகை என்ற பரம்பரை ரத்த நோய் இருக்கிறது. அந்த நோய் உள்ளவர்களும் தலசீமியா என்ற இன்னொரு ரத்த நோய் உள்ளவர்களும் இரும்புச்சத்து கூட்டிய உணவில் கவனமாக இருக்க வேண்டும் என்று பாக்கெட்டிலேயே எச்சரிக்கை போடும் விதி இருந்தது, அது தேவையா என்று நிபுணர்கள் நடுவே விவாதமும் நடந்தது. அதனால், பிளாஸ்டிக் இல்லை, பயமில்லாமல் சாப்பிடலாம் என்று எல்லாருக்குமாக ஒரே வரியில் முடிக்கக் கூடாது. பிளாஸ்டிக் இல்லை, இது இன்னது, உங்கள் வீட்டில் இந்த நோய் உள்ளவர் இருந்தால் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்வதுதான் நேர்மை. கேள்வியில் நியாயம் இருக்கிற பாகத்தை ஒத்துக்கொண்டால், மீதியைக் கேட்கிற காதும் திறக்கிறது.

வேறொரு வகைப் புரளி தன்னைத் தானே உண்மையாக்கிக்கொள்ளும். 2018 ஏப்ரல் 16 அன்று கேரளாவில் ஹர்த்தால், அதாவது முழு அடைப்பு, என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது, எந்தக் கட்சியும் அழைக்கவில்லை. ஆனாலும் பல ஊர்களில் கடை அடைத்தார்கள், பஸ் நிறுத்தினார்கள், கல் எறிந்தார்கள், போலீஸ் பலரைக் கைது செய்தது. ஹர்த்தால் என்று நம்பினவர்கள் எல்லாரும் சேர்ந்து நிஜ ஹர்த்தாலாகவே ஆக்கிவிட்டார்கள். நாளைக்கு ஜீப் மேலே போகுமா என்று முந்தின நாள் ராத்திரி கேள்வி வரும்போது, யார் அழைத்தது, எந்தக் கட்சி அறிக்கை விட்டது என்று ஒரு கேள்வியைக் குரூப்பில் போட்டாலே பாதி அடங்கும். கேள்வியாகக் கேட்பதில் இன்னொரு வசதி, யாரையும் பொய்யன் என்று சொல்ல வேண்டியதில்லை.

அட்மின்களுக்கு ஒரு வார்த்தை. குரூப்பில் யாரோ போட்டதற்கு அட்மின் ஜெயிலுக்குப் போவார் என்பதும் வருடக்கணக்காகச் சுற்றும் பயம். உறுப்பினர் போட்ட பதிவுக்கு அட்மின் என்ற ஒரே காரணத்துக்காக அவர் மேல் குற்றப் பொறுப்பு வராது என்று கேரள உயர் நீதிமன்றம் 2022இல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அந்தப் பயத்தில் சிலர் வந்ததை எல்லாம் சத்தமில்லாமல் அழிக்கிறார்கள். அழிக்கலாம், 2022இலிருந்து அட்மின் எல்லாருக்குமாக அழிக்க வசதியும் இருக்கிறது, ஆனால் ஏன் அழித்தேன் என்று ஒரு வரி கீழே வேண்டும். பார்த்துவிட்டவர்கள் மனசில் அது இருக்கும், காணாமல் போனதும் எதையோ மறைக்கிறார்கள் என்ற சந்தேகம் வேறு சேரும்.

மாமா ஒத்துக்கொண்டுவிட்டார் என்றால் அதோடு விட்டுவிட வேண்டும், சிரிப்புப் பொம்மை போடுவதும், நாந்தான் அன்னைக்கே சொன்னேனே என்பதும் வேண்டாம். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று பாக்கி. "மாமா, இது உங்களுக்கு எந்தக் குரூப்ல வந்துச்சு? நான் எழுதினதை அப்படியே அங்கேயும் போட்டுருங்களேன்." மாமா போடுவார், அந்தக் குரூப்பில் நம்மை யாருக்கும் தெரியாது, மாமாவைத் தெரியும்.